'ஒய்தா' உங்களை எங்கே மடக்கியது?

பழைய கிரேக்கம் தொடங்கி நாலாவது மாதம். பயிற்சிப் பாடத்தில் 'ஒய்தா' என்று ஒரு வினை. வடிவம் பெர்ஃபெக்ட், அதாவது செய்து முடித்ததைச் சொல்வது. நானும் 'அறிந்திருந்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அதைச் சுழித்து, பக்கத்தில் 'எனக்குத் தெரியும்' என்று எழுதித் தந்தார். வேரின் பொருள் பார்த்தல். 'எய்தொன்' என்றால் பார்த்தேன். பார்த்து முடித்தவனுக்கு இப்போது தெரியும், அதனால் பொருள் நிகழ்காலம். சரி, அகராதியில் பார்ப்போம் என்று போனால், 'எய்தோ' என்ற தலைச்சொல்லைப் பார் என்கிறது. அந்தப் பொருளில் அப்படி ஒரு நிகழ்கால வடிவம் வழக்கிலேயே இல்லை! உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்.

பதில் 1
இதில் என்ன ஆச்சரியம்? 'மலை தெரிகிறது', 'எனக்குத் தெரியும்', இரண்டும் ஒரே வினைதானே. கண்ணுக்குப் படுவதையும் மனத்துக்குப் படுவதையும் நாமும் பிரிக்கவில்லை. 'தெரியும்' என்பது எதிர்கால வடிவம், 'நாளை மலை தெரியும்' என்பதைப் போல. கிரேக்கன் முடிந்த வடிவத்தில் சொல்கிறான், நாம் வரப்போகும் வடிவத்தில் சொல்கிறோம். இரண்டு பேருக்கும் தெரிவது இப்போதுதான்.

என்னை மடக்கியது பன்மை. ஒருமையில் ஒய்தா, ஒய்ஸ்தா, ஒய்தெ. பன்மையில் திடீரென்று இஸ்மென், இஸ்தெ, இஸாஸி. இரண்டு வேறு வினைகள் என்றே ஒரு வருடம் நினைத்திருந்தேன். 'தெரிந்திருந்தது' என்று சொல்ல 'ஏதே' என்று இன்னொன்று.

பதில் 2
சமஸ்கிருதம் படித்துவிட்டுப் போனதால் நான் தப்பித்தேன். அங்கே 'வேத' எனக்குத் தெரியும், 'வித்ம' எங்களுக்குத் தெரியும். ஜெர்மனிலும் ஒருமை 'வைஸ்', பன்மை 'விஸென்'. மூன்றும் ஒரே குடும்பத்து வழக்கம். கிரேக்கம் தொடக்கத்து வகரத்தை மட்டும் தொலைத்துவிட்டது. தேர்வில் மாட்டியது வேறு இடம்: ஏவல் 'இஸ்தி'. 'தெரிந்துகொள்' என்றும் பொருள், 'இரு' என்றும் பொருள். நான் எழுதியது 'இரு'. மதிப்பெண் இருக்கவில்லை.

பதில் 3
இறையியல் கல்லூரியில் யோவான் நற்செய்தி வழியாகத்தான் எனக்கு அறிமுகம். 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனை விசாரிக்கிறார்கள். அவன் பெற்றோர் 'ஒய்தாமென்' என்கிறார்கள், அதாவது எங்களுக்குத் தெரியும். மேலே சொன்ன 'இஸ்மென்' எங்கே போயிற்று? அந்தக் காலத்து மக்கள் வழக்கு பன்மையையும் ஒருமை போலவே ஆக்கிவிட்டது. மாணவர்களுக்குப் பெரிய உபகாரம்! அப்புறம் அவன் சொல்கிறான்: ஒன்று மட்டும் 'ஒய்தா', குருடனாயிருந்த நான் இப்போது பார்க்கிறேன். அங்கே 'பார்க்கிறேன்' வேறு வினை. ஆனாலும் பார்வையில் பிறந்த சொல்லை, அன்றைக்குத்தான் கண் திறந்தவன் வாயில் படித்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

பதில் 4
நான் படித்தவன் இல்லை, கப்பல்காரன். இன்றைய கிரேக்கத்தில் 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'க்ஸேரோ'. உங்கள் 'ஒய்தா' செத்துவிட்டது என்றுதான் இதைப் படிக்கும்வரை நினைத்தேன். ஆனால் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் எப்போது கிளம்பும் என்று கேட்டபோது ஒரு கிரேக்கர் கையை விரித்து, 'கீரியோஸ் ஈதே' என்றார். அந்த 'ஈதே' உங்கள் 'ஒய்தெ'தான், உச்சரிப்பு மாறிவிட்டது. கடவுளுக்குத் தெரியும் என்று பொருள். நம் ஊரில் என்றால், ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.