பொண்ணுக்கு கண்ணகின்னு பேர் வைக்கலாமா? வீட்டுல பெரிய சண்டை

வைகைக்கரை:
பொண்ணு பொறந்து பதினோரு நாள் ஆச்சு. கண்ணகின்னு வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, வீட்டம்மாவுக்கும் சம்மதம். அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. "மதுரையில குடியிருந்துக்கிட்டு மதுரையை எரிச்சவ பேரையா வைப்ப, அவ வாழ்ந்தாளா"ன்னு ஒரே அழுகை, தொட்டில்ல போட்டப்ப காதுல பேர் சொல்லவே விடல. ஊருக்குப் புதுசா வந்த ஒரு பொம்பள, புருஷன் செத்த துக்கத்தோட அரண்மனைக்குள்ள போயி ராஜாவப் பாத்து "தேரா மன்னா"ன்னு கூப்பிட்டு, சிலம்ப உடைச்சு உள்ள மாணிக்கம்னு காட்டி, அரசி சிலம்புல முத்துதானேன்னு வழக்குல ஜெயிச்சா. அந்த வாய் என் பொண்ணுக்கு வேணும்ங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?

நொய்யல்காரன்:
தம்பி, அம்மா பேச்சத் தள்ளாதீங்க. பேருன்னா கூப்பிடறப்ப வீட்டுக்குள்ள ஒரு குளிர்ச்சி வரணும். கண்ணகின்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது விரிச்ச தலைமுடி, கையில ஒத்தச் சிலம்பு, அப்புறம் தீ. கதையில கல்யாணத்தப்ப அவங்களுக்கு 12 வயசு, புருஷன் மாதவி வீட்டுலயே கிடந்து சொத்து பூராவும் அழிச்சான், பொழைக்கப் போன ஊர்ல வெட்டுப்பட்டான். இதுல எதக் குழந்தைக்கு சீதனமாக் குடுக்கறீங்க? சீதைன்னு வைக்கவே எங்க பக்கம் இன்னமும் தயங்கறாங்க, கஷ்டப்பட்டவ பேருன்னு. பெரியவங்க பயத்துலயும் ஒரு பாசம் இருக்குதுங்க.

நிலாமுற்றம்:
ராசி கீசியெல்லாம் நான் நம்புறதில்ல, ஆனா நானும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். கண்ணகின்னா கற்பு, கற்புன்னா கண்ணகின்னு மேடைக்கு மேடை பேசிப் பேசி அந்தப் பேரையே பொண்ணுங்கள அளக்குற ஸ்கேலா ஆக்கி வச்சிருக்காங்க. ஊதாரியா சுத்திட்டு திரும்பி வந்தவன்கிட்ட சிரிச்ச முகமா "சிலம்பு இருக்கு, எடுத்துக்கோங்க"ன்னு சொல்ற எடம் சிலப்பதிகாரத்துலயே இருக்கு. அத ஸ்கூல்ல படிச்சப்ப எனக்கு வந்த கோவம் இன்னும் போகல. நாளைக்கு உங்க பொண்ணு யாரையாவது லவ் பண்ணா, டைவர்ஸ் வாங்கினா, ஏன் ராத்திரி எட்டு மணிக்கு வெளிய நின்னாலே "பேரு மட்டும் கண்ணகி"ன்னு ஒருத்தன் சொல்லுவான், கண்டிப்பா சொல்லுவான்.

கடலோரத்துக்காரி:
சொல்லுவாங்க, எனக்கு சொல்லியிருக்காங்க. என் பேரே கண்ணகிதான். 1968ல உலகத் தமிழ் மாநாட்டுக்கு மெரினாவுல சிலை வச்சாங்களே, மறு வருஷம் பொறந்தவ நான், சிலையப் பாத்துட்டு வந்த அப்பா வச்ச பேரு. ஸ்கூல்ல விறகு, தீப்பெட்டின்னு கேலி பண்ணாங்க, அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்திருக்கேன். கல்யாணத்துக்கு பத்திரிகை அடிக்கக் குடுக்குறப்ப மாப்பிள்ளை வீட்டுல "பேர மட்டும் லட்சுமின்னு போட்டுடலாமே"ன்னாங்க. அப்பா ப்ரூஃப் தாள கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் பென்சில எடுத்து கண்ணகின்ற எழுத்துக்கு மேல ஒரு தடவை அழுத்தி எழுதிக் குடுத்துட்டாரு. அந்தத் தாள இன்னும் பீரோவுல வச்சிருக்கேன். 2001 டிசம்பர்ல சிலைய எடுத்தப்ப ஆபீஸ்ல "உன்னையத் தூக்கிட்டாங்களாமே"ன்னு சிரிச்சாங்க, எனக்கு அன்னிக்கு மதியம் சோறு எறங்கல. 2006ல மறுபடி வச்சதும் பேரப்புள்ளைங்கள அள்ளிட்டுப் போற மாதிரி எங்க தெரு பசங்கள கூட்டிட்டுப் போயிப் பாத்தேன்.

நிலாமுற்றம், நீங்க சொன்ன சிலம்பு எடம் உண்மை. ஆனா அதே கதையில, சோமகுண்டம் சூரியகுண்டத்துல குளிச்சு காமன் கோயில்ல கும்பிட்டா புருஷன் திரும்பி வருவான்னு தோழி தேவந்தி சொல்றப்ப "பீடன்று"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. அது நமக்குப் பெருமை இல்லங்குறா. அவன் சாகப் போற அன்னிக்கு, சாப்பாடு போட்டுட்டு "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்"னு நேருக்கு நேரா சொல்லியும் காட்டுறா. நீங்க பண்ணது நல்ல நடத்தை இல்லன்னு. மேடையில இத யாரும் சொல்றதில்ல, அது அவ குத்தம் கிடையாது.

மட்டுநகரான்:
எங்கட மட்டக்களப்புப் பக்கம் கண்ணகை அம்மன் எண்டுதான் சொல்லுற. வைகாசி பிறந்தா ஊர் ஊரா கதவு திறந்து சடங்கு, கண்ணகி வழக்குரை படிப்பாங்க, கடைசி நாள் குளுத்தி. மதுரையை எரிச்ச கோபத்தில வந்த அம்மாவக் குளிர வைக்கிற நாள். அம்மை, கொப்புளிப்பான் வந்தா வேப்பிலையோட நிண்டு கும்பிடுற தெய்வம் அவதான். சிங்களச் சனமும் பத்தினித் தெய்யோ எண்டு கும்பிடுறாங்க. அண்ணன் குளிர்ச்சி வேணும் எண்டு எழுதினத வாசிச்சு எனக்குச் சரியான கவலை, எங்களுக்கு அந்தப் பேரே மழையும் குளிர்ச்சியும்தான். யாழ்ப்பாணத்தில சில கண்ணகி கோயில்களுக்கு ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி எண்டு பேர் மாத்தினதும் நடந்தது, எங்கட பக்கம் சனம் விடேல்ல.

நொய்யல்காரன்:
மட்டக்களப்புத் தம்பி சொன்னது எனக்குப் புதுசுங்க, மனசாரச் சொல்றேன். ஆனா சாமி பேர் வேற, கஷ்டப்பட்ட மனுசி பேர் வேறன்னு இங்க நெனைக்கிறாங்க. அந்த அக்காவோட அழுகையப் படிச்சப்புறம் எனக்கு பயம் கூடத்தான் செய்யுது. அவங்க தாங்கிட்டாங்க, எல்லாக் குழந்தையும் தாங்குமா? உங்களுக்குப் பேர்தான் வேணும்னா மணிமேகலை இருக்குது, பசிச்சவங்களுக்கெல்லாம் சோறு போட்டவ.

நிலாமுற்றம்:
அந்த "பீடன்று" எனக்கு நெஜமா தெரியாது அக்கா, ராத்திரி எடுத்து வச்சுப் படிச்சேன், நன்றி. கண்ணகி மேல இருந்த கோவம் பாதி கொறஞ்சிருச்சு, ஆனா ஊர் மேல இருக்குற கோவம் கொறையல, அதனால என் ஓட்டு இன்னமும் வேண்டாம்தான். ஒண்ணு மட்டும் கேக்கணும். மாதவின்னு எத்தனையோ வீட்டுல ஆசையா பேர் வைக்கிறாங்க, ராசி பாக்குறவங்க அங்க மட்டும் ஏன் கதையக் கேக்குறதில்ல?

கடலோரத்துக்காரி:
தம்பி, அவசரமே வேண்டாம். பிறப்பப் பதிஞ்சுட்டா பேர ஒரு வருஷம் வரைக்கும் கட்டணம் இல்லாம சேத்துக்கலாம். அம்மாவ சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க கண்ணகி இருக்கா, உங்க மதுரைக்காரங்கதான் வெளக்குப் போடுறாங்க. முடிஞ்சா சித்ரா பௌர்ணமிக்கு தேனி பக்கம் கூடலூர் மலை மேல இருக்குற மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கும் போங்க, வருஷத்துல அந்த ஒரு நாள்தான் ஜனங்கள விடுவாங்க. வீட்டுல என்னைய யாரும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, கண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க.

வைகைக்கரை:
நேத்து செல்லத்தம்மன் கோயிலுக்குப் போனோம். அம்மா கண்ணகி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க, எதுவும் பேசல, நானும் கேக்கல. நொய்யல்காரன் அண்ணன் சொன்ன பயம் எனக்கும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். இன்னிக்கு காலையில புள்ள வீல்னு கத்துனப்ப அம்மா அடுப்படியிலருந்து ஓடி வந்து "என்னடி கண்ணு"ன்னு தூக்குனாங்க. எல்லாப் பாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு தெரியும். முப்பதாம் நாள் பேர் வைக்கிறோம், அதுவரைக்கும் நான் வாயத் தொறக்கப் போறதில்ல.