புதுப்பிப்பு: பிசினஸ் வான்டேஜ் வாசிப்புத் தாளில் நேரம் போதாத பிரச்சினை

கேம்பிரிட்ஜ் பிசினஸ் வான்டேஜ் என்ற வணிக ஆங்கிலப் பரீட்சையின் வாசிப்புத் தாளை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் நன்றி.

ஐந்தாம் பகுதியிலிருந்து தொடங்கச் சொன்ன ஆலோசனைதான் பலித்தது. மொத்தம் 45 வினாக்களில் 12 அங்கே இருக்கின்றன. தரப்படும் பத்தியின் பெரும்பாலான வரிகளில் தேவையற்ற சொல் ஒன்று ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சில வரிகளில் பிழையே இராது. மட்டக்களப்புப் பொது நூலகத்தில் வாய்விட்டு வாசிக்க முடியாது என்பதால் வீட்டு முற்றத்தில் வாசித்துப் பழகினேன். கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடுகிறது. இப்போது உதடு அசைந்தாலே போதும். (தங்கை சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.)

முதலாம் பகுதியில் நான்கு சிறு பத்திகள், ஏழு கூற்றுகள். கூற்றில் உள்ள அதே சொல்லைக் கண்டதும் அந்தப் பத்தியைத் தெரிவு செய்யக் கை துடிக்கும். பல நேரம் அது பொறிதான். உண்மையான விடை வேறு பத்தியில், வேறு சொற்களில் கிடக்கும்.

பயிற்சியின்போது தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி புரட்டும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை, வேகம் செத்துவிடுகிறது. தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடுவதில்லை.

விடுபட்ட வாக்கியங்களைப் பொருத்தும் இரண்டாம் பகுதி மட்டும் இன்னும் இழுபறி. கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் சேர்ந்து பயிற்சி செய்ய யாராவது இருந்தால் சொல்லுங்கள். எனக்குச் சனிக்கிழமை வசதி.