எங்க பேட்ச் பேர்ல ஓர் உதவித்தொகை: கல்லூரி அறக்கட்டளை வைப்போருக்கான அனுபவப் பகிர்வு

(வெவ்வேறு பிரிவில் வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதியது. யார் பேசுகிறார், எதைப் பற்றி என்பது தலைப்பில்.)

கல்லூரி அலுவலகம், கோப்புப் பிரிவு

வெள்ளிவிழாச் சந்திப்பு முடிந்த கையோடு பழைய மாணவர்கள் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "எங்க பேட்ச் பேர்ல ஒரு அறக்கட்டளை வைக்கணும் சார், எவ்வளவு ஆகும்?" அறக்கட்டளை என்று அவர்கள் சொல்வது, முதலைத் தொடாமல் வட்டியில் ஆண்டுதோறும் உதவித்தொகை தரும் வைப்பு நிதியை. தொகை இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். எந்தச் செலவுக்கு, எந்த மாதத்தில் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

கல்விக் கட்டணம் ஜூன், ஜூலையில் கட்ட வேண்டும். தேர்வுக் கட்டணம் பருவத்துக்கு ஒருமுறை, கடைசித் தேதி போட்டு வரும். விடுதி மெஸ் பில் மாதாமாதம். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் அறக்கட்டளைப் பணம் வழங்கப்படுவது பிப்ரவரி, மார்ச்சில், கல்லூரி நாள் மேடையில். அதற்குள் அந்த வீட்டில் கம்மல் அடகுக்குப் போயிருக்கும். மேடையில் வாங்கும் பணம் வட்டிக்கடைக்காரருக்குப் போகும். ஆகவே ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்: "ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 31க்குள் வரவு வைக்கப்பட வேண்டும், மேடையில் சான்றிதழ் மட்டும்."

இனி தொகை. 5 லட்சம் ரூபாயை 6.5 சதவீதத்தில் போட்டால் ஆண்டு வட்டி 32,500. அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 6,500 ரூபாயை, முதலோடு சேர்க்கச் சொல்லுங்கள். மீதி 26,000, இரண்டு பேருக்குத் தலா 13,000. வட்டி மொத்தத்தையும் பிரித்துக் கொடுத்தால் முதல் அப்படியே நிற்கும், விலைவாசி மட்டும் ஏறும். பத்து ஆண்டில் அந்தத் தொகை ஒரு பருவச் செலவுக்கே போதாமல் போகும்.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. வங்கியில் வைப்பு போடும்போது, முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் திட்டத்தில் ஐந்து ஆண்டுக்குப் போட்டுவிடுவார்கள், வட்டி கொஞ்சம் கூடுதல் என்று. அப்படிப் போட்டால் ஐந்து ஆண்டுக்கு மாணவருக்குக் கொடுக்கக் கையில் ஒரு ரூபாய் இருக்காது. ஆண்டுக்கொருமுறையோ காலாண்டுக்கொருமுறையோ வட்டியைத் தனிச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கும் திட்டம்தான் வேண்டும். முதல்வர் மாறும்போது கையொப்ப அதிகாரத்தை மாற்றாமல் விட்டாலும் வைப்பு முதிர்ந்து சேமிப்புக் கணக்கில் தூங்கும். அறக்கட்டளைப் பதிவேட்டில் முதிர்வுத் தேதிக்கென்று தனிக் கட்டம் போட்டு, இரண்டு மாதம் முன்பே சிவப்பு மையில் குறிக்கும் அலுவலகத்தில் இந்தத் தொல்லை வருவதில்லை.

தணிக்கை

கோப்புப் பிரிவு அண்ணன் சொன்னதோடு சேர்த்து, கடிதத்தில் இருக்க வேண்டிய ஒரு வரி: "இத்தொகை நிரந்தர நிதியாக, கார்ப்பஸாக, வைக்கப்பட வேண்டும்." இது இல்லாவிட்டால் கல்லூரியை நடத்தும் டிரஸ்டுக்கு உங்கள் 5 லட்சம் சாதாரண வருமானம். வரிவிலக்குக்காக வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவு செய்தாக வேண்டிய கணக்குக்குள் அதுவும் போய்விடும். 2021க்குப் பிறகு, அப்படிக் கேட்டு வாங்கிய நிரந்தர நிதியைச் சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில் தனியாகக் காட்டவும் வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு; இங்கே வருபவை பழைய சட்டத்தின் எண்கள். கடிதத்தில் எண்ணைவிடச் சொல் தெளிவாக இருக்கட்டும்.

நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கழிவு தரும் 80ஜி ரசீது விஷயத்தில் பேட்ச் குழுக்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சறுக்குகின்றன. நாற்பது பேர் பணத்தையும் ஒருவருடைய ஜிபேயில் திரட்டி, அவர் கணக்கிலிருந்து கல்லூரிக்கு அனுப்புவார்கள். ரசீது அந்த ஒருவர் பெயருக்குத்தான் வரும், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் சலுகை போச்சு. அந்த ஒருவர் தன் கணக்கில் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று விளக்கம் சொல்லவும் நேரலாம். ஒவ்வொருவரும் நேராகக் கல்லூரிக் கணக்குக்கு அனுப்பட்டும், குறிப்பில் பேட்ச் ஆண்டைப் போடட்டும். பெயர், பான், தொகை, பரிவர்த்தனை எண் நான்கையும் ஒரே எக்செல் தாளில் அலுவலகத்துக்குக் கொடுங்கள். கல்லூரி மே 31க்குள், யார் எவ்வளவு கொடுத்தார் என்று வரித்துறைக்குச் சொல்லும் 10பிடி படிவம் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வெறும் ரசீதை வைத்துக்கொண்டு கழிவு கேட்க முடியாது. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

"எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று தனி டிரஸ்ட் தொடங்க நினைப்பவர்கள் கவனிக்க. ஒரு குறிப்பிட்ட மதத்தின் அல்லது சாதியின் நலனுக்கென்றே அமைந்த நிறுவனத்துக்கு 80ஜி கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கென்றால் அந்தத் தடை இல்லை.

கடல் கடந்து

வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள், வசிக்கும் நாட்டை அல்ல. இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர் அனுப்பினால் ஆகும். ஒரே பேட்சில் இரண்டு வகையினரும் இருப்பார்கள். இருவர் பணமும் ஒரே கணக்குக்குப் போனால் சிக்கல் கல்லூரிக்கு.

எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு உள்ள நிறுவனம்தான் இரண்டாம் வகையை வாங்கலாம். அதுவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில் மட்டுமே. பதிவு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அனுப்புமுன் நடப்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: பழைய மாணவர் சங்கத்துக்கு அந்தப் பதிவு இருந்து, கல்லூரிக்கு இல்லையென்றால், சங்கம் வாங்கிக் கல்லூரிக்கு மாற்றிக்கொடுக்கக் கூடாது. அந்தத் திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. சங்கமே மாணவருக்கு நேராக வழங்கலாம்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் ஏன் என்று அப்போது பலர் கேட்டார்கள். தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. கணக்கு இதுவேதான்: முதலைத் தொடாமல், ஆண்டுதோறும் வரும் ஈவில் ஒரு பேராசிரியப் பணி நிலைத்து நிற்க வேண்டும். கல்லூரியில் நாம் வைக்கும் 5 லட்சத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

தமிழ்த்துறை

பதக்க அறக்கட்டளை பற்றிக் கொஞ்சம். 1990இல் பத்து கிராம் தங்கம் ஏறத்தாழ 3,200 ரூபாய். அன்று 25,000 ரூபாயை 10 சதவீத வட்டிக்குப் போட்டவருக்கு ஆண்டுக்கு 2,500 வந்தது. முக்கால் பவுனுக்கு மேலேயே ஒரு பதக்கம் செய்யலாம். இன்று அதே முதலுக்கு 6.5 சதவீதத்தில் 1,625 ரூபாய். 2025இல் பத்து கிராம் லட்சத்தைத் தாண்டிவிட்டது. லட்சம் என்றே வைத்தாலும் 0.16 கிராம்தான் வரும், ஒரு குன்றிமணி எடையைச் சற்றே தாண்டும். பத்திரத்திலோ "தங்கப் பதக்கம்" என்றே இருக்கிறது. கொடுத்தவர் காலமாகிவிட்டார், மாற்ற யாருக்கு உரிமை என்பது எழுதப்படவில்லை. பல துறைகளில் இப்படிப் பணம் சும்மா கிடக்கிறது. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்குப் பதக்கமும் இல்லை, பணமும் இல்லை.

தருமப் பணம் வழக்கில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பெரிய சான்று உண்டு. பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதிவிட்டு மறைந்தார். வழக்குகளில் காலம் கரைந்து, அந்தத் தருமப் பணத்தில் பள்ளி தொடங்கியது 1842இல். நாற்பத்தெட்டு ஆண்டு!

ஆகவே ஒரு மாற்று விதி எழுதுங்கள்: "வட்டி போதாதபோது, இதே நோக்கத்துக்கு நெருக்கமான வேறு வகையில் வழங்க ஆட்சிக்குழுவுக்கு அதிகாரம் உண்டு." இந்த ஒரு வாக்கியம் பின்னால் வருகிறவர்களை நீதிமன்றப் படியேறாமல் காக்கும்.

உதவித்தொகைப் பிரிவு

பணம் தயார், தேதியும் சரி, ஆனாலும் மாணவி கணக்கில் விழவில்லை. இங்கேதான் பாதி வேலை. பள்ளியில் படிக்கும்போது அரசு உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு அது. பதினெட்டு வயது ஆனதும் கேஒய்சி புதுப்பிக்காமல் முடங்கியிருக்கும். சாதாரணச் சேமிப்புக் கணக்கு என்றால், இரண்டு ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்றாலும் செயலற்றதாகிவிடும். பாஸ்புக்கில் பழைய வங்கியின் ஐஎஃப்எஸ்சி எண் (வங்கிக் கிளையின் குறியீடு) இருக்கும். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது, சிண்டிகேட் கனராவோடு, அலகாபாத் இந்தியன் வங்கியோடு. பிள்ளைகள் பாஸ்புக்கைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுப்பார்கள். தேர்வுப் பட்டியல் முடிவானதுமே எல்லோருக்கும் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வருபவர்களைக் கூப்பிட்டு இரண்டு வாரத்தில் சரிசெய்துவிடலாம்.

பெயரிலும் கவனம். மதிப்பெண் பட்டியலில் "மா. கவிதா", ஆதாரில் "கவிதா மாரிமுத்து", வங்கியில் "கவிதா எம்". எந்தப் படிவத்திலும் ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லி, கல்லூரி தரும் போனஃபைடு (இங்கே படிக்கிறார் என்ற) சான்றில் இரண்டு வடிவத்தையும் குறித்துக் கொடுத்தால் போதும்.

நிபந்தனையில் "அரியர் இருக்கக் கூடாது" என்று போடாதீர்கள், தயவுசெய்து. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைதான் முதல் பருவத்தில் ஒரு தாளில் விழும். அதற்கே இரண்டாம் ஆண்டுப் பணம் நின்றால், உதவி தேவைப்பட்டவரையே விலக்கியதாகிறது. "அரியர் வந்தால் அடுத்த இரண்டு பருவத்துக்குள் தேறினால் தொடரும்" என்று வையுங்கள்.

நிறுவன நிதி

சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணத்தை அறக்கட்டளையின் நிரந்தர நிதியில் போட முடியாது, செலவழிக்கத்தான் வேண்டும். அதனால் நிறுவனங்கள் ஓராண்டுக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும், பொறியியல் முதலாண்டு மாணவர் நடுவழியில் நிற்பார். விதியில் இடம் இருக்கிறது: தொடர் திட்டமாக அறிவித்தால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். நான்காண்டுப் படிப்புக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் அதற்கென்ற தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். விண்ணப்பம் அனுப்பும்போதே நான்காண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

சென்னை ஐஐடி 2023-24இல் 513 கோடி ரூபாய் திரட்டியது. அதன் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 2024இல் 228 கோடி கொடுத்தார். அங்கே இதற்கென்றே தனி அலுவலகம் உண்டு. ஒரு மாவட்டக் கலைக் கல்லூரியில் எல்லாவற்றையும் பார்ப்பது ஓர் எழுத்தர். உங்கள் நிதியில் சிறு பங்கை அந்த வேலைக்கு ஒதுக்கினால் அது வீண்செலவு ஆகாது.

கோப்புப் பிரிவு

உதவித்தொகையைப் போடுவது மாணவர் கணக்கிலா, கல்லூரிக் கணக்கிலா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: கட்டணப் பங்கைக் கல்லூரிக் கணக்குக்கு நேராக, மெஸ், பேருந்து, புத்தகப் பங்கை மாணவர் கணக்கில்.

உதவித்தொகைப் பிரிவு

இதில் மட்டும் அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வழியாக வந்தவர்களுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியோ முழுவதுமோ அரசே பார்த்துக்கொள்கிறது. கல்லூரிக் கணக்கில் போட்டால் பணம் அங்கேயே உபரியாக நிற்கும், திரும்ப வாங்க மனு எழுத வேண்டும். அவர்களுக்கு முழுத்தொகையும் மாணவர் கணக்கிலேயே போகட்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்ற அரசு உதவித் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாயைக் காரணம் காட்டி யாரையும் பட்டியலிலிருந்து நீக்கவும் வேண்டாம். அந்தப் பணம் பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடுகிறது.

கோப்புப் பிரிவு

அது சரிதான் சகோதரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் ஒப்பந்தத்தில் "கட்டணச் சலுகை பெறுவோருக்கு முழுத்தொகையும் மாணவர் கணக்கில்" என்று ஒரு துணைவிதி.

நன்கொடையாளருக்கு ஆண்டறிக்கையில் மாணவர் படமோ பெயரோ வேண்டாம். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்து ஃபிளெக்ஸ் முன்னால் நிற்க வைத்தால், அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து உட்கார முடியாது. துறை, ஆண்டு, தொகை, வரவு வைத்த தேதி, முதலோடு சேர்த்த தொகை, வைப்பின் முதிர்வுத் தேதி: இந்த ஆறும் ஒரே தாளில், ஆகஸ்ட் 15க்குள். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.