பழைய போன் போட்டில் தங்கம் எடுக்கலாமா?

பரந்தன்_போன்கடை:
வணக்கம். பரந்தனில் போன் திருத்துற கடை வைத்திருக்கிறேன். ஆறேழு வருசமாகச் செத்த போன்களின் போட்டுகளை (உள்ளே சில்லுகள் ஒட்டியிருக்கிற பலகை) கழற்றி உரப்பையில் போட்டு வந்ததில் இப்போது முந்நூறுக்குக் கிட்ட இருக்கிறது, பழைய கொம்பியூட்டர் ராம் (நினைவகத் தட்டு) ஒரு முப்பது வேறு. பழைய இரும்புக்காரர் சொல்கிற விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது. சுரங்கத்தில் ஒரு தொன் கல்லுக்கு 5 கிராம் தங்கம் இருந்தாலே நல்ல சுரங்கமாம், ஒரு தொன் போனில் 300 கிராம் வரை இருக்கிறதாம். யூடியூப்பில் ஒருவர் வாளிக்குள் அசிட்டை ஊற்றிக் கட்டியாகவே எடுத்துக் காட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில் சும்மா கிடக்கிறது, செய்து பார்க்கவா? பவுண் விற்கிற விலைக்கு யாருக்குத்தான் ஆசை வராது.

பத்தர்வீட்டுப்_பெடியன்:
அண்ணை, ஒரு போனில் சுமார் 0.03 கிராம். முந்நூறுக்கு 9 கிராம், அதாவது ஒரு பவுணுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு துளி விடாமல் எடுத்தால் வருகிற கணக்கு அது. கொட்டிலில் வராது. மேலே மினுங்குகிற பூச்சு பெரும்பாலும் 0.05 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) தடிப்புத்தான் (ராமின் ஓரத்தில் விரல் மாதிரி இருக்கிற பட்டைகளில் அதைவிடத் தடிப்பு, அதை வேறாக வையுங்கோ), மிச்சத் தங்கம் போட்டில் ஒட்டியிருக்கிற கறுப்புச் சில்லான ஐசிக்குள் மயிரைவிட மெல்லிய கம்பியாக ஓடுகிறது, அதற்கு ஐசியை எரித்து இடிக்க வேண்டும். அப்புறம் செம்பு. போட்டின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு செம்பு, ஊற்றுகிற அசிட்டை எல்லாம் அதுவே குடித்துவிடும். செம்பு மிச்சம் கிடக்க, தங்கத்தைக் கரைக்கிற அசிட் கலவையான இராச திராவகத்தை ஊற்றினால் கரைந்த தங்கம் திரும்பவும் செம்பின்மேல் கறுப்புத் தூளாகப் போய்ப் படியும். வீடியோவில் இந்தச் சங்கடத்தை வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள்.

ரசாயனம்_படிப்பிக்கிறேன்:
விசர் வேலை, செய்யாதீர்கள். நைத்திரிக்கமிலத்தில் செம்பு விழுந்தவுடன் எழும்புகிற மண்ணிறப் புகை நைதரசனீரொட்சைட்டு. சுவாசித்தவருக்கு அந்த நேரம் இருமலோடு சரியாகிவிட்டது போல இருக்கும், பல மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். முகத்தில் துணி கட்டினால் அது நிற்காது. ஐசியை எரிக்கிற புகையில் டயொக்சின் என்ற நஞ்சு வேறு. சீனாவில் குய்யு என்ற ஊரில் இப்படித்தான் வீடு வீடாக எரித்தும் அசிட்டில் போட்டும் எடுத்தார்கள், பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறிப்போனது. முடிந்த பிறகு செம்பும் ஈயமும் கலந்த பச்சைத் தண்ணீரை எங்கே ஊற்றப் போகிறீர்கள்? கிணறு எங்கே இருக்கிறது?

பரந்தன்_போன்கடை:
கொட்டிலில் இருந்து பத்து யார் வராது. அம்மா அதில்தான் தண்ணி அள்ளுகிறா. சரி, விட்டேன். ஆனால் பையை என்ன செய்ய?

முல்லை_பழையஇரும்பு:
தம்பி, நான் இந்த வியாபாரம்தான். 2009இல் போர் முடிந்த பிறகு இரும்பு பொறுக்கப் போய் வெடித்துக் கை போனவர்களைக் கண்ட ஊர் இது, காசுக்காக எதையும் கிண்டலாம் என்று இங்கே ஒருவரும் சொல்லக்கூடாது. உன் பை இப்போதும் காசுதான். போன் போட்டை, தங்கம் குறைந்த ரிவி போட்டோடும் சார்ஜரோடும் கலந்தால் மொத்தத்துக்கும் ரிவி போட்டின் விலைதான் போடுவார்கள், நான் வாங்கினாலும் அப்படித்தான் போடுவேன், பொய் சொல்லவில்லை. ஐசியைக் கழற்றாதே, கழற்றின போட்டுக்கு விலை விழும். வீங்கின பற்றரி ஒன்றாவது அந்தப் பைக்குள் கிடந்தால் இன்றைக்கே எடு, கடை எரியும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள ஆட்களுக்குத்தான் கொடு, பத்திரத்தைக் கேட்டுப் பார். போட்டுகள் கடைசியில் பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் இருக்கிற உருக்காலை மாதிரி இடங்களுக்குப் போகின்றன. உலையில் உருகும்போது தங்கமும் பலேடியம் என்ற விலை கூடின உலோகமும் உருகின உலோகத்தோடு சேர்ந்து வரும், பிறகு ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். உனக்கு வில்லங்கமாகத் தெரிகிற செம்புதான் அங்கே தங்கத்தை ஏந்திக்கொண்டு வருகிறது.

முந்நூறு போட்டுக்கு லொறி வராது. பக்கத்துக் கடைக்காரரிடமும் கேள்.

பரந்தன்_போன்கடை:
பற்றரி நாலு கிடந்தது அண்ணை, ஒன்று பூரி மாதிரி ஊதி. எடுத்து மணல் வாளிக்குள் போட்டுவிட்டேன். கிளிநொச்சியில் இரண்டு கடைக்காரர் சேருகிறோம் என்கிறார்கள். வவுனியாப் பக்கம் அனுமதிப்பத்திரத்தோடு வாங்குகிறவர் யாரும் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.