மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு: யார் முடிவு செய்வது?

கீழத்தெரு அம்மா:
என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வாரத்திலிருந்து தினமும் மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு, எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் ஒருவரையும் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு நாலே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் ஏழேகாலுக்குத்தான். மெயின் ரோட்டில் இறங்கி, விளக்கில்லாத வாய்க்கால் கரையில் நடந்து வர வேண்டும். மதியம் சாப்பிட்ட சத்துணவுதான் அதுவரைக்கும் வயிற்றில். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதில் எனக்குப் பேச இடம் உண்டா, இல்லையா?

கணக்கு வாத்தியார்:
அம்மா, பஸ் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பெற்றோர் விருப்பம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நான் வகுப்பில் பார்க்கிறவன். வசதியுள்ளவர்கள் நாலரைக்கே பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்காகத்தான் இந்த வகுப்பே. அந்தப் பிள்ளைதான் தம்பியைப் பார்க்கவும் மாட்டைப் பிடித்துக் கட்டவும் முதலில் கிளம்பிவிடும். ஜூனில் பள்ளி திறந்தால் மழை விடுமுறை, தேர்தல் பணி, பயிற்சி எல்லாம் போகத்தான் பாடம். அதை முடித்துத் திருப்புதல் தேர்வும் வைத்தாக வேண்டும். ஒரு பாடவேளையில் வகுப்பு முழுவதற்கும் இருபடிச் சமன்பாடு நடத்திவிட்டு, புரியாதவனைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தர நேரம் ஏது? மாலையில்தான் அது முடிகிறது. கட்டாயம் என்பதால்தான் அவனும் உட்காருகிறான்.

பெரம்பூர் வாசகன்:
வாத்தியார் பக்கம்தான் நானும். 1953ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். இரண்டு ஷிப்டாக நடத்தினால் இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பாவின் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். இது குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954ல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. பள்ளியில் குறைகிற ஒவ்வொரு மணியும் ஏழை வீட்டில் வேலை நேரமாகிவிடும். பள்ளி நேரத்தை வீட்டின் விருப்பத்துக்கு விடுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

கீழத்தெரு அம்மா:
சரி, அந்த 1953லேயே ஊருக்குள் வந்து கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? துணி வெளுத்தவரும் செருப்புத் தைத்தவரும் "என் பிள்ளைக்கு அரைநாள் பள்ளி போதும்" என்றா சொல்லியிருப்பார்கள்? எங்களைக் கேட்காமல் மேலேயிருந்து வந்த உத்தரவுதானே அதுவும். நீங்கள் சொல்கிற வரலாறு என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அப்புறம் வாத்தியார் சார், மாடு பிடிக்கக் கிளம்புவதைப் பற்றிச் சொன்னீர்கள். நாற்று நடவு நாளில்கூட என் மகளை நான் லீவு போட விட்டதில்லை. பிள்ளை மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை எங்களுக்கு இருக்காது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சட்டம் படிப்பவள்:
2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். அந்தக் கணக்கு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, பத்தாம் வகுப்பின் மாலை நேரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதே சட்டத்தில்தான் பள்ளி மேலாண்மைக் குழுவும் வருகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அவர்கள் வேலை. நேரத்தை மாற்றும் அதிகாரம் குழுவுக்கு உண்டு என்று அதில் எழுதியிருக்கவில்லை. பிள்ளை இருட்டில் நடந்து வருவதைப் பற்றிக்கூடப் பேச முடியாதென்றால் குழு எதற்கு?

வடமராட்சி:
எங்கட பக்கம் நிலைமை வேறு. இலங்கையில் அரசப் பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விட்டுவிடும். பின்னேரம் முழுக்க ரியூசன். காசுள்ள பிள்ளைக்கு நல்ல ரியூசன், இல்லாத பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. 2025ல் பாடசாலை நேரத்தை இரண்டு மணி வரை நீட்டும் யோசனை வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அரை மணித்தியாலம் கூட்டுவதற்கே அவ்வளவு எதிர்ப்பு. பாடசாலை முடிந்தபிறகும் காசு வாங்காமல் படிப்பிக்க ஒரு ஆசிரியர் நிற்கிறார் என்றால், அதை இழந்துவிடாதேங்கோ அக்கா.

பெரம்பூர் வாசகன்:
கேரளத்திலும் 2025ல் இதே சண்டை. உயர்நிலை வகுப்புகளுக்கு வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் அரை மணி நேரம் கூட்டினார்கள். காலையில் மதரஸாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இடிக்கிறது என்று அங்குள்ள முஸ்லிம் அறிஞர்களின் அமைப்பான சமஸ்தா எதிர்த்தது. ஒவ்வொரு ஊரும் தனக்கொரு நேரம் கேட்டால் பொதுப் பள்ளி என்ற ஏற்பாடு நிற்குமா?

சட்டம் படிப்பவள்:
நிற்கும். இல்லம் தேடிக் கல்வி நினைவிருக்கிறதா? கொரோனாவில் விட்டுப்போன பாடத்துக்காக 2021ல் தொடங்கியது. அதுவும் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் பிள்ளையின் தெருவிலேயே, அந்த ஊர்த் தன்னார்வலர் நடத்தினார். பஸ் பிடிக்க வேண்டியதில்லை. படிக்கும் நேரமும் கூடியது, பெற்றோர் கண்ணெதிரேயும் நடந்தது. ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியிருக்கவில்லை.

கணக்கு வாத்தியார்:
அது எட்டாம் வகுப்பு வரைக்கும் நடந்த திட்டம். பத்தாம் வகுப்புக் கணக்கை எல்லாத் தன்னார்வலர்களாலும் நடத்திவிட முடியாது. ஆனாலும் குழுவில் பேச வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு மணியை ஐந்தரை ஆக்கலாம், சனிக்கிழமை காலையில் வைக்கலாம், சுண்டலுக்கு ஊரில் யாரிடமாவது கேட்கலாம். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லிக் குழு தீர்மானம் போட்டு டிப்போ மேலாளருக்குக் கொடுக்கலாம், தலைமையாசிரியர் தனியாக எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். கட்டாயம் என்பதை மட்டும் விடமாட்டேன். விருப்பம் என்று அறிவித்த மறுநாளே கடைசி பெஞ்ச் காலியாகிவிடும்.

கீழத்தெரு அம்மா:
சனிக்கிழமை காலை என்றால் நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன். கட்டாயம் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை சார். கடைசி பெஞ்ச் பிள்ளையின் அம்மாவும் அந்தக் கூட்டத்துக்கு வரட்டும். அவளை நானே கூட்டி வருகிறேன். அவன் ஏன் தங்குவதில்லை என்று அவளைக் கேளுங்கள், அதற்கப்புறம் கட்டாயத்தைப் பற்றிப் பேசலாம்.