ஆல்வினில் கெடாமல் கிடந்த சாண்ட்விச்: ஆழ்கடலில் பாக்டீரியா வேலை செய்வதில்லையா?

ஐஸ்பெட்டி கேட்டது:

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். ஒரு வீடியோவில் பார்த்த சமாச்சாரம் மண்டையைக் குடைகிறது. 1968-இல் ஆல்வின் என்ற அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் மூழ்கிப் போனதாம். மறு வருஷம் தூக்கியபோது உள்ளே இருந்த சாண்ட்விச்சும் ஆப்பிளும் கெடாமல் இருந்ததாம். 'ஆழ்கடலில் 3, 4 டிகிரி குளிர், அதனால்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

எனக்கு அங்கேதான் இடிக்கிறது. நாங்கள் மீனை ஐஸில் புதைத்துப் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் வைக்கிறோம். அப்படி வைத்தும் வாரங்கள் ஓடினால் செவுளைத் திறந்ததுமே வாடை தூக்கும். 4 டிகிரியில் இறைச்சி பத்து மாதம் தாங்கும் என்றால் மைனஸ் 18 அறைக்கு நாங்கள் ஏன் கரண்ட் பில் கட்ட வேண்டும்? கதை நிஜமா? நிஜம் என்றால் காரணம் என்ன? அந்த ஆழத்தில் பாக்டீரியாவே கிடையாதா?

சும்மா_வந்தேன்:

உப்புதான் ப்ரோ. கருவாடு கெடுகிறதா? அதே கணக்கு. அத்தோடு அவ்வளவு ஆழத்தில் காற்றும் கிடையாது.

பழைய லேப்காரன்:

உப்பு இல்லை. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம். அது கடல் பாக்டீரியாவுக்குச் சொந்த வீடு. கருவாட்டுக்குப் போடுகிற உப்பு எங்கே, இது எங்கே. காற்று விஷயமும் சரியில்லை. வட அட்லாண்டிக்கின் ஆழத்து நீர் வடக்கே மேற்பரப்பில் குளிர்ந்து கீழே இறங்கி வருவது. அதில் கரைந்த ஆக்சிஜன் தாராளமாகவே இருக்கிறது.

தம்பி ஐஸ்பெட்டி, உங்கள் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இதே சந்தேகம்தான் அன்று வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் இருந்த ஹோல்கர் யானாஷ் என்ற நுண்ணுயிரியலாளருக்கும் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை நுண்ணுயிரியல் லேபில் காலம் தள்ளியவன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை நிஜம். 1968 அக்டோபர் 16 அன்று ஆல்வினைக் கடலில் இறக்கும்போது கம்பிவடம் அறுந்தது. மேல்மூடி திறந்திருந்ததால் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் தப்பி வெளியே வந்துவிட்டார்கள், மதியச் சாப்பாடு மட்டும் நீர்மூழ்கியோடு போய்விட்டது. போன ஆழம் சுமார் 1,540 மீட்டர். பத்து மாதத்துக்கு மேல் கழித்து 1969-இல் தூக்கினார்கள். மெழுகுத்தாளில் சுற்றிய சாண்ட்விச், ஆப்பிள், தெர்மாஸில் சூப். ரொட்டியும் இறைச்சியும் கடல்நீரில் ஊறியிருந்தன, அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீடியோக்காரர்கள் விட்டுவிட்டது இதற்கு அடுத்த கட்டம். அதே சாப்பாட்டை மேலே கொண்டுவந்து 3 டிகிரி குளிர்பெட்டியில் வைத்தார்கள். சில வாரங்களிலேயே கெட்டுப்போனது! ஆக, குளிர் மட்டும் காரணமில்லை என்பது அந்தப் பெட்டியிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் யானாஷ் குழு ஸ்டார்ச், ஜெலட்டின் மாதிரியான பொருள்களைக் குப்பிகளில் போட்டு, கடல்நீரையும் சேர்த்து, மாதக்கணக்கில் ஆழத்தில் இறக்கி வைத்தது. அதே குளிரில் கரையில் வைத்த குப்பிகளோடு ஒப்பிட்டால் ஆழத்தில் சிதைவு 10 முதல் 100 மடங்கு மெதுவாக இருந்தது. 1971-இல் அறிக்கையாக வந்தது.

மிச்சம் இருக்கும் வித்தியாசம் அழுத்தம்தான். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் கூடும், 1,540 மீட்டரில் ஏறக்குறைய 154. பாக்டீரியா நசுங்கிச் சாகாது, தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். ஆனால் அதன் சவ்வு கொழுப்பால் ஆனது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், கடலை எண்ணெய் உறையாது இல்லையா? சவ்வும் அப்படித்தான். குளிரும் அழுத்தமும் இரண்டுமே அதை ஒரே திசையில் இறுக்குகின்றன. இறுகிய சவ்வு வழியாக உணவு உள்ளே போவது திணறும். புரதம் செய்யும் ரைபோசோமும் அழுத்தத்தில் தடுமாறும். சில நூறு வளிமண்டலத்தில் நம் குடலில் வாழும் ஈ.கோலையை வளர்த்தால் செல் நீண்டுகொண்டே போகும், இரண்டாகப் பிரியாது. சாண்ட்விச்சில் இருந்தது கரையில் ஒட்டிய பாக்டீரியா. 4 டிகிரி அதற்குச் சிரமம்தான், ஆனாலும் சமாளிக்கும். 4 டிகிரியும் 154 வளிமண்டலமும் சேர்ந்து அழுத்தினால் கையைக் கட்டிவிடும்.

அங்கே பாக்டீரியாவே கிடையாதா என்றால், நன்றாகவே இருக்கிறது. ஆழத்துக்காரர்களின் சவ்வில் உறையாத ரகக் கொழுப்பு அதிகம். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் அரிஸ்டைட்ஸ் யயானோஸ் 1981-இல் வெளியிட்ட எம்டி-41 என்ற பாக்டீரியா, பசிபிக்கில் உள்ள மரியானா அகழியில் 10,476 மீட்டரில் பிடித்த இறால் மாதிரியான ஒரு சிற்றுயிரியிலிருந்து வந்தது. 380 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்) அழுத்தத்தில்கூட அது வளரவில்லை. 690 பாரில், 2 டிகிரியில், 25 மணிக்கு ஒருமுறை இரண்டானது. அழுத்தத்தை எடுத்துவிட்டால் சில மணி நேரத்தில் செத்துப்போக ஆரம்பித்தது.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான விஷயம் ஒன்று. ஐஸில் வைத்த மீனின் வாடைக்குப் பெரும் பொறுப்பு ஷெவனெல்லா வகை பாக்டீரியா. மீன் சதையில் உள்ள டிஎம்ஏஓ (ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு) என்ற பொருளை அது டிஎம்ஏ (ட்ரைமெத்திலமைன்) ஆக மாற்றுவதால்தான் அந்த நாற்றம். அதே ஷெவனெல்லாவின் பங்காளிகள்தான் ஆழ்கடலில் அழுத்தம் கேட்டு வளரும் பாக்டீரியாவில் முக்கியமானவர்கள். டிஎம்ஏஓ கூட ஆழத்து மீன்களின் உடம்பில் அதிகம். அழுத்தத்தில் புரதம் குலையாமல் அது காக்கிறது.

ஐஸ்பெட்டி:

ஐயா, ரொம்ப நன்றி. ஷெவனெல்லா விஷயத்தைப் படித்துவிட்டு லேப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன், அவர் நம்பவில்லை, இந்த இழையைத்தான் காட்டினேன். ஒரு கேள்வி மிச்சம். அழுத்தத்தில் வளர்கிறவை அங்கே ஏற்கெனவே இருந்தால், அவை வந்து சாண்ட்விச்சைத் தின்றிருக்க வேண்டாமா? பத்து மாதம் சும்மாவா பார்த்துக்கொண்டிருந்தன?

கயல்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கடலியல் படித்துக்கொண்டிருக்கிறேன். லேப்காரர் ஐயா சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. எம்டி-41ஐ வைத்து 'ஆழத்துக்காரர்களுக்கு அழுத்தம் பிடிக்கும்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. 2022-இல் வியன்னாவின் கெர்ஹார்ட் ஹெர்ண்டல் குழு, ஆழத்திலேயே அளக்கும் கருவியை இறக்கிப் பார்த்தது. நீரில் இருந்த செல்களில் அழுத்தத்தை விரும்புபவை 5 சதவீதம் அளவுதான். சுமார் 85 சதவீதம் எப்படி இருந்தாலும் சமாளிப்பவை. மிச்சம் கொஞ்சம் அழுத்தத்தில் தவிப்பவை. 4,000 மீட்டர் ஆழத்தில் மொத்தச் செயல்பாடு, அதே நீரை மேலே கொண்டுவந்து அளப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அதாவது பல வருஷமாகக் கப்பல் தளத்தில் வைத்து அளந்த எண்கள் நிஜத்தைவிடக் கூடுதல். ஆகவே உள்ளூர்க் கூட்டமும் ஒட்டுமொத்தமாக மந்தம்தான் என்பதே ஐஸ்பெட்டி அண்ணனுக்கு என் பதில்.

பழைய லேப்காரன்:

கயல், அந்த 5 சதவீதத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். திறந்த நீரில் உணவு அற்பம், அங்கே எல்லோரும் பட்டினியில் காத்துக்கிடப்பவர்கள். உணவு வந்து விழும் இடம் வேறு. ரோனி குளூட் குழு 2013-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது: மரியானாவின் சேலஞ்சர் ஆழத்தில், கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் கீழே, வண்டல் ஆக்சிஜனைச் செலவழிக்கும் வேகம் பக்கத்தில் 6,000 மீட்டரில் இருந்த சமதளத்தைவிட அதிகம். அழுத்தம் மட்டுமே தீர்மானித்தால் நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். அகழியின் சரிவுகளில் வண்டல் வழிந்து அடியில் சேர்கிறது, சாப்பாடு கூடுகிறது, வேலையும் கூடுகிறது. திறந்த நீருக்கு உங்கள் மூன்றில் ஒரு பங்கு சரியாக இருக்கட்டும். கடலடிக்கு அதை அப்படியே நீட்டக் கூடாது.

ஐஸ்பெட்டி தம்பி, சாண்ட்விச் பெட்டிக்குள், நீர்மூழ்கிக்குள் இருந்தது. கடலடியில் ஒரு பொருள் விழுந்தால் முதலில் வருவது சிற்றுயிரிகளும் மீன்களும். அவை கடித்துப் பிய்த்துப் போட்ட பிறகும், அவற்றின் வயிற்றுக்குள்ளும்தான் பாக்டீரியாவின் வேலை சூடுபிடிக்கிறது. யயானோஸுக்கு எம்டி-41 அப்படி ஓர் உயிரியிடமிருந்து கிடைத்ததில் ஆச்சரியமில்லை. பெட்டிக்குள் ஊறிவந்த கொஞ்சம் தண்ணீரில் இருந்த ஆழத்துக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவாக இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

சும்மா_வந்தேன்:

அப்படியானால் ஊர்க் குப்பையை எல்லாம் ஆழத்தில் கொட்டினால் யார் கண்ணிலும் படாது என்கிறீர்களா? 😀

பழைய லேப்காரன்:

சிரிக்க வேண்டாம், 1971 அறிக்கையிலேயே அந்தக் கவலை இருந்தது. அன்று அமெரிக்காவில் ஆழ்கடலைக் குப்பைத்தொட்டி ஆக்கலாம் என்று பேச்சு இருந்தது. மெதுவாகச் சிதையும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள் என்று யானாஷ் குழு எச்சரித்தது. கேட்டார்களா? 1986 முதல் 1992 வரை நியூயார்க், நியூஜெர்சி பக்கத்துச் சாக்கடைக் கசடைக் கரையிலிருந்து 106 கடல்மைல் தள்ளி, சுமார் 2,500 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் கொட்டினார்கள். தண்ணீரில் கரைந்து பரவிவிடும், அடிக்குப் போகாது என்று சமாதானம் சொன்னார்கள். கசடு அடிக்குப் போனது. அங்கே வாழும் கடல் முள்ளெலிகளின் உடம்பிலேயே அதன் தடயத்தை ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வைத்துக் கண்டுபிடித்தார்கள். தடைச் சட்டம் 1988-இல் வந்தது, கொட்டுவது நின்றது அந்த 1992-இல்தான்.