வாஷ்அவுட்: 'கழுவல்' வேண்டாம், 'ஒளிமங்கல்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஈரல் ஸ்கேன் அறிக்கையில் வரும் 'வாஷ்அவுட்'டுக்குக் 'கழுவல்', 'கழுவி வெளியேற்றம்' என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) வழியாக வருகிறது. மீதிதான் தமனி வழி. சிரோசிஸ் (தழும்பேறி இறுகிய) ஈரலில் முளைக்கும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்வது. அதனால் டை (படத்தில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் மருந்து) செலுத்தி அரை நிமிடம் கடந்ததும், தமனிக் கட்டத்தில், எடுக்கும் படத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடம் தாண்டினால், அதாவது சிரைக் கட்டத்தில், போர்ட்டல் சிரையின் டையும் வந்து சேர்ந்து ஈரல் முழுதும் வெளுக்கும். கட்டி அதைவிடக் கறுத்துத் தெரியும். இதைத்தான் வாஷ்அவுட் என்கிறார்கள்.

'கழுவல்' இங்கேதான் இடிக்கிறது. டை கட்டியை விட்டுப் போவது மட்டுமே காரணமில்லை, பக்கத்து ஈரல் வெளுப்பதும் காரணம். ஈரல் ஸ்கேன்களைப் படிப்பதற்கான லை-ராட்ஸ் வகைப்பாடும் இதை ஒரு தோற்றமாகவே வரையறுக்கிறது. நாம் ஏன் காரணத்தைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டும்?

முதலில் 'பின்மங்கல்' என்று யோசித்தேன். ஆனால் ஸ்கேன் துறையில் 'பின்' என்றாலே முதுகுப்பக்கம் என்று படித்துவிடுவார்கள். 'தாமத மங்கல்' சரிவராது. சில நிமிடம் கழித்து எடுக்கும் தாமதக் கட்டத்துக்கு முன்பே, சிரைக் கட்டத்திலேயே இது தெரியலாம். 'ஒளிமங்கல்' பொருந்துகிறது. மங்க வேண்டுமானால் முன்பு ஒளி இருந்திருக்க வேண்டும் அல்லவா? தொடக்கம் முதலே கறுப்பாக இருக்கும் நீர்க்கட்டியை இந்தச் சொல் தானாகவே விலக்கிவிடும். அடைமொழியும் ஏற்கும்: ஓரத்தில் மட்டும் மங்கினால் 'விளிம்பு ஒளிமங்கல்'. அது பித்தநாளப் புற்று போன்ற வேறொன்றைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளம் என்பதால் இந்த வேறுபாடு முக்கியம். 'சுற்றியுள்ள ஈரலோடு ஒப்பிட்டு' என்பதை மட்டும் வரையறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. சிரோசிஸ் உள்ளவருக்கு 10 மி.மீ.க்குக் குறையாத கட்டி, தமனிக் கட்டத்தில் விளிம்பில் மட்டுமல்லாமல் மிகையாக ஒளிர்ந்து அப்புறம் இப்படி மங்கினால், சதை எடுத்துச் சோதிக்காமலே ஈரல் புற்று என்று முடிவு செய்யலாம். "ஊசி போட்டுப் பார்க்காம எப்படி டாக்டர் சொல்றீங்க?" என்று வீட்டார் கேட்பார்கள். அதற்கான பதிலே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

ஸ்கேனில் தெரியும் மாறுபட்ட பகுதியைக் குறிக்கும் 'லீஷன்' தனிப் பிரச்சினை. 'புண்' என்று மட்டும் எழுத வேண்டாம். குடல்புண் போல ஆறிவிடும் என்று நினைத்துவிடுவார்கள்.

அறிக்கை வரியில் வைத்துப் பார்த்தேன்: "வல ஈரலில் 22 மி.மீ. கட்டி; தமனிக் கட்டத்தில் மிகையொளிர்வு, சிரைக் கட்டத்தில் ஒளிமங்கல்." உங்கள் காதுக்கு எங்கே இடறுகிறது, சொல்லுங்கள்.